காத்திருந்து பிறந்த பாட்டு

மண்ணாடிப்பட்டில் 'மைக் செட்டு தாத்தா' என்று கேட்டால்தான் அந்தப் பெரியவரின் வீட்டைக் காட்டுவார்கள். வயது எழுபத்தைந்தைத் தாண்டிவிட்டது. குழாய் ஸ்பீக்கரும் இசைத்தட்டுகளும் பரண் ஏறிப் பல வருடங்கள் ஆகின்றன.

அவருடைய பேரன் ஐ.டி.ஐ. முடித்தவன். சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் வேலை உறுதியாகியிருந்தது. சேர வேண்டிய வாரத்தில் மஞ்சள் காமாலை வந்து படுத்துவிட்டான். தேறி எழுந்து போன் போட்டால், "வேற ஆளை எடுத்துட்டோம்" என்றார்கள். அன்றிலிருந்து அவன் யாரோடும் சேர்ந்து சாப்பிடுவதில்லை. சுவரைப் பார்த்தே படுத்துக் கிடந்தான்.

ஒரு நாள் மாலை தாத்தா, "உன் போன்ல 'ஆயிரம் நிலவே வா' போடுடா" என்றார். பாட்டு முடிந்ததும் அது பிறந்த கதையைச் சொன்னார்.

1968-ல் எஸ்.பி.பாலசுப்ரமணியம் சென்னையில் இன்ஜினீயரிங் படித்துக்கொண்டிருந்த இளைஞர். தெலுங்கில் பாடத் தொடங்கியிருந்தார். தமிழில் 'சாந்தி நிலையம்' படத்துக்கும் பாடியிருந்தார். ஆனால் படம் இன்னும் வெளிவரவில்லை. அவர் குரலைக் கேட்ட எம்.ஜி.ஆருக்குப் பிடித்துவிட்டது. 'அடிமைப்பெண்' படத்தில் ஒரு டூயட் பாட அழைத்தார். கே.வி.மகாதேவன் இசை, புலமைப்பித்தன் வரிகள், கூடப் பாடுவது பி.சுசீலா. ஒத்திகையும் நடந்தது. அந்த நேரத்தில்தான் பாலசுப்ரமணியம் நோயில் விழுந்தார்.

'அடிமைப்பெண்' எம்.ஜி.ஆரின் சொந்தத் தயாரிப்பு. ஒரு நாள் தள்ளிப்போனாலும் நஷ்டம் அவருக்குத்தான். அவருக்குப் பாட டி.எம்.எஸ். இருந்தார். வேறு யாரைக் கூப்பிட்டாலும் ஓடி வந்திருப்பார்கள். வாய்ப்பு போய்விட்டது என்றே பாலசுப்ரமணியம் நினைத்தார். எம்.ஜி.ஆரோ அவர் தேறி வரும்வரை காத்திருந்தார். எம்.ஜி.ஆருக்குப் பாடப் போகிறேன் என்று நண்பர்களிடமெல்லாம் சொல்லியிருப்பாய், வேறொருவர் பாடியிருந்தால் உன் குரல் எனக்குப் பிடிக்கவில்லை என்றல்லவா நினைத்திருப்பார்கள் என்பதுதான் அவர் சொன்ன காரணம். பாலசுப்ரமணியம் இதைக் கடைசிவரை மேடைகளில் நன்றியோடு சொல்லிவந்தார்.

1969 மே 1-ல் படம் வெளிவந்தது. மண்ணாடிப்பட்டுப் பக்கமெல்லாம் கல்யாண வீட்டிலும் காதுகுத்திலும் அந்த இசைத்தட்டைத்தான் கேட்டார்கள். "யாருடா இது புதுக் குரல்?" என்று பந்தலுக்கு வந்து விசாரித்துவிட்டுப் போனவர்கள் உண்டு.

கதையைக் கேட்ட பேரன் எழுந்து உட்கார்ந்தான்.

"எல்லாருக்கும் ஒரு எம்.ஜி.ஆர். கெடைப்பாரா தாத்தா?"

தாத்தாவிடம் பதில் இல்லை. ராத்திரி வெகுநேரம் கழித்துத்தான் வாயைத் திறந்தார். "நானே அப்படி இல்லடா."

அவரிடம் திருக்கனூரிலிருந்து ஒரு பையன் வேலைக்கு வந்துகொண்டிருந்தானாம். பனைமரம் ஏறிக் குழாய் கட்டுவதில் கெட்டிக்காரன். 'இந்தத் தீமிதிக்கு நீயே இசைத்தட்டு போடு' என்று தாத்தா அவனிடம் சொல்லியிருந்தார். திருவிழாவுக்கு நான்கு நாள் முன்னால் பையனுக்கு அம்மை போட்டுவிட்டது. தாத்தா வேறு ஆளை வைத்துத் திருவிழாவை முடித்தார். குணமாகி வந்தவனிடம், "ஆள் போட்டாச்சுப்பா" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அதன் பிறகு அவன் வரவே இல்லை.

"திருவிழா நிக்காது, சரி. முடிஞ்ச பெறகாவது அவன சேத்துக்கிட்டிருக்கலாம்ல?"

மறுநாள் காலையில் பேரன்தான் வண்டியை எடுத்தான். அந்தப் பையனுக்கு இப்போது அறுபது வயதுக்கு மேல். திருக்கனூரில் சைக்கிள் கடை வைத்திருக்கிறார். தாத்தாவைக் கண்டதும் ஸ்டூலைத் துடைத்துப் போட்டு டீ வாங்கி வரச் சொன்னார். தாத்தா தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னார்.

"அட, அதெல்லாம் எப்பவோ மறந்துபோச்சுண்ணே!" என்று சிரித்தார் அவர்.

டீ குடித்துக்கொண்டிருந்தபோது, தரையைப் பார்த்தபடி அவரே சொன்னார்: "தீமிதிக்கு நான்தான் பாட்டு போடப் போறேன்னு தெருவுல எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருந்தேன்ணே. அதுக்குன்னு புதுச் சட்டைகூட தச்சு வச்சிருந்தேன்."

தாத்தா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். இருவரும் வெகுநேரம் பேசவில்லை.

வீடு திரும்பும் வழியில் பேரனும் பேசவில்லை. அடுத்த திங்கட்கிழமை சர்டிபிகேட்டுகளை எடுத்துக்கொண்டு வேறொரு கம்பெனிக்குப் போய் வந்தான். வேலை இன்னும் கிடைக்கவில்லை. ஆனால் ராத்திரியில் தாத்தாவின் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறான். போனில் பாட்டு ஓடுகிறது.