என் வாயால் சொன்னது

முதுகலை மாணவிகளுக்கு மொழிபெயர்ப்பியல் தாள் நடத்துகிறேன். மூலத்துக்கு நேர்மை, வாசகருக்கு நேர்மை என்று ஆண்டுதோறும் அதே குறிப்புகள். இந்த முறை ஒரு படம் போட்டுக் காட்டலாமே என்று தேடியபோது, மொழிபெயர்ப்பாளரைக் கதைநாயகியாகக் கொண்ட படம் என்பதற்காக மட்டுமே 'குவோ வாடிஸ், ஐடா?'வைத் தேர்ந்தெடுத்தேன். 2020இல் வெளியான போஸ்னியப் படம். லத்தீன் தலைப்புக்கு 'எங்கே போகிறாய், ஐடா?' என்று பொருள். இயக்கியவர் யாஸ்மிலா ஷ்பானிச். போர்க்காலத்தில் சரயேவோவில் வளர்ந்தவர். வகுப்பில் போடுவதற்கு முந்தைய இரவு வீட்டில் தனியாகப் பார்த்தேன். பார்த்திருக்க வேண்டாம் என்று அன்று தோன்றியது.

ஸ்ரெப்ரெனிட்சா கிழக்கு போஸ்னியாவில் மலைகளுக்கு நடுவே இருக்கும் சிறு நகரம். 1993 ஏப்ரலில் ஐ.நா. பாதுகாப்பு அவை அதைப் 'பாதுகாப்புப் பகுதி' என்று அறிவித்தது. 2009க்குப் பிறகு தமிழில் வாசிக்கிற எவருக்கும் இப்படிப்பட்ட சொல் வெறும் கலைச்சொல் அல்ல. காவலுக்கு டச்சுப் படையினர் சில நூறு பேர் இருந்தார்கள். 1995 ஜூலை 11 அன்று ரட்கோ மிலாடிச்சின் போஸ்னிய செர்பியப் படை உள்ளே வந்தது. அடுத்த சில நாட்களில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட முஸ்லிம் ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டார்கள். சர்வதேச நீதிமன்றங்கள் பின்னர் அதை இனப்படுகொலை என்றே தீர்ப்பளித்தன.

ஐடா பள்ளி ஆசிரியை. இப்போது டச்சுப் படைக்கு மொழிபெயர்ப்பாளர். கணவனும் வளர்ந்த இரண்டு மகன்களும் இருக்கிறார்கள். ஊர் மொத்தமும் பொடோச்சாரியில் இருக்கும் ஐ.நா. முகாமை நோக்கி ஓடிவருகிறது. சில ஆயிரம் பேரை உள்ளே விட்டுவிட்டுக் கதவைச் சாத்திவிடுகிறார்கள். அதைப்போலப் பல மடங்குக் கூட்டம் வெளியே வெயிலில் நிற்கிறது. கழுத்தில் தொங்கும் அட்டை ஒன்றினால்தான் ஐடாவால் உள்ளேயும் வெளியேயும் போக முடிகிறது.

இரண்டாம் முறை பார்த்தபோதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. கொல்ல வந்தவர்களுக்கும் கொல்லப்பட இருப்பவர்களுக்கும் நடுவில் மொழிபெயர்ப்பாளர் தேவையே இல்லை. இரு தரப்பும் பேசுவது, பெயர் வேறானாலும், ஒருவருக்கொருவர் முழுதும் புரிகிற மொழி. செர்பியப் படைவீரன் ஒருவன் ஐடாவிடம் பழைய மாணவனாக நலம் விசாரிக்கிறான். அவனுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவள் அவள். மொழிபெயர்ப்பு தேவைப்படுவது காப்பாற்ற வந்தவர்களுக்கும் மக்களுக்கும் இடையில்தான். ஆக, ஐடாவின் மொத்த வேலையும் உறுதிமொழியை மொழிபெயர்ப்பதுதான். விமானத் தாக்குதல் நடக்கும், பயப்படாதீர்கள், பேருந்துகள் வரும், வரிசையாக வெளியே போங்கள், ஒன்றும் ஆகாது. அதிகாரி ஆங்கிலத்தில் சொல்கிறார். அவர் குரலில் இருக்கும் தயக்கம் கூட்டத்துக்குக் கேட்காது, ஐடாவின் குரல்தான் கேட்கும். தங்கள் ஊர் டீச்சரின் குரல், தங்கள் மொழியில்.

சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவளுக்குத் தெரியும், அதில் உண்மை இல்லை என்று. அதனால்தான் தன் மகன்களை முகாமுக்குள் மூலைமூலையாக ஒளித்து வைக்கிறாள். மற்றவர்களிடம் போகச் சொல்லும் அதே வாயால் அதிகாரியிடம் தன் பிள்ளைகளின் பெயரைப் பட்டியலில் சேர்க்கச் சொல்லிக் கெஞ்சுகிறாள். ஷ்பானிச் அவளைப் புனிதவதி ஆக்கவில்லை. இது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. நம் படங்களில் துயரத்தில் மாட்டிய தாய் என்றாலே அவள் எல்லாருக்கும் தாயாகிவிட வேண்டும். ஐடா தன் பிள்ளைகளுக்கு மட்டும்தான் தாய். அவளை யார் குறை சொல்ல முடியும்?

இந்தக் கதைக்குத் தூண்டுகோல் ஹசன் நுஹானோவிச் எழுதிய புத்தகம். அவர் அதே முகாமில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். முகாமை விட்டு வெளியேறும்படி தன் தாய், தந்தை, தம்பி ஆகியோருக்கு வந்த உத்தரவை அவரே மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. மூவருமே பிழைக்கவில்லை. அவர் விடாமல் வழக்காடி, தந்தையும் தம்பியும் கொல்லப்பட்டதற்கு நெதர்லாந்து அரசே பொறுப்பு என்று 2013இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றத்தில் தீர்ப்புப் பெற்றார். புத்தகத்தில் இருந்த ஆண் படத்தில் பெண்ணாகியிருக்கிறார். ஆனால் எனக்கு அந்த மாற்றம் உறுத்தவில்லை. நடுவில் நின்று சமாதானம் சொல்லி அனுப்புகிற வேலை எந்த இடத்திலும் பெரும்பாலும் பெண்ணிடம்தான் வந்து சேர்கிறது.

என்னிடமும் வந்தது. பல ஆண்டுகளுக்கு முன், அப்போது நான் வேலை பார்த்த கல்லூரியில். இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி, ஆய்வகத்தில் இருந்த ஒருவரைப் பற்றி எழுத்துமூலமாகப் புகார் கொடுத்திருந்தாள். விசாரணை நடந்தது. அறிக்கை ஆங்கிலத்தில் ஒன்றரைப் பக்கம். விடுதியிலிருந்து மகளை அழைத்துப் போக அவள் அம்மா ஊரிலிருந்து வந்திருந்தார். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் என்னைப் பார்த்து, "மேடம், நீங்க தமிழ் டிபார்ட்மென்ட். அவங்களுக்குப் புரியற மாதிரி எடுத்துச் சொல்லுங்க" என்றார்கள்.

சொன்னேன். அந்த அறிக்கையில் நடவடிக்கை என்று எதுவும் இல்லை. 'எச்சரிக்கப்பட்டார்' என்ற ஒரு வரி மட்டும் இருந்தது. அதை நான், "கண்டிச்சிருக்காங்கம்மா. இனிமே அந்தாள் இவ பக்கமே வரமாட்டான். நாங்கல்லாம் இருக்கோம், தைரியமா விட்டுட்டுப் போங்க" என்று தமிழாக்கினேன். நன்றாகவே சொன்னேன். அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். டிபன் டப்பாவில் மகளுக்குக் கொண்டுவந்திருந்த எள்ளுருண்டையில் இரண்டை எடுத்து எனக்கும் கொடுத்துவிட்டுப் பேருந்து ஏறினார்கள். மகள் விடுதிக்குத் திரும்பினாள்.

அடுத்த பருவத்துக்கு அவள் வரவில்லை. டி.சி. வாங்க அம்மா மட்டும் வந்தார்கள். நடைபாதையில் என்னைப் பார்த்து நின்று, "நீங்க சொன்னதாலதான் டீச்சரம்மா விட்டுட்டுப் போனேன்" என்றார்கள். திட்டவில்லை, குரலும் உயரவில்லை. அங்கே வேறு யார் சொல்லியிருந்தாலும் அவர் நம்பியிருக்க மாட்டார்.

ஸ்ரெப்ரெனிட்சாவோடு இதை ஒப்பிடவில்லை. ஒப்பிட்டால் அது கேவலம். ஆனால் ஐடா அந்தக் கூட்டத்தின் முன்னால் நின்று பேசுகிற காட்சியில், அவள் வாய் அசைவதை நான் எங்கிருந்து பார்த்தேன் என்பதைச் சொல்லாமல் இந்தப் படத்தைப் பற்றி எழுத எனக்கு வழியில்லை.

வகுப்பில் போட்டேன். கருத்தரங்க அறை, ஜன்னல்களில் போர்வையைக் கட்டியிருந்தோம். ஆண்களை ஒரு கூடத்தில் அடைக்கும் காட்சி வந்தது. சுவரின் மேலிருக்கும் சிறு திறப்புகளில் துப்பாக்கி முனைகள் தெரிகின்றன. அதன்பின் கேமரா வெளியே போய்விடுகிறது. சத்தம் மட்டுமே கேட்கிறது. "காட்டவே இல்லையே மேம்" என்று ஒருத்தி பிறகு கேட்டாள். காட்டாததில் அவளுக்குக் குறை. அவளுக்கு நேர்மாறாக இன்னொருத்தி, காட்டியிருந்தால் எழுந்து போயிருப்பேன் என்றாள்.

கொலைகளை மறைக்கப் புதைகுழிகளை இயந்திரங்களால் தோண்டி, உடல்களை வேறிடங்களுக்குக் கொண்டுபோனார்கள் என்று அவர்களிடம் சொன்னேன். ஒரே மனிதனின் எலும்புகள் வெவ்வேறு குழிகளில் கிடைத்தன. உறவினர்களின் ரத்தத்தைக் கொண்டு டி.என்.ஏ. சோதனை செய்துதான் ஒவ்வொருவராக அடையாளம் கண்டார்கள். கிடைத்த நான்கைந்து எலும்புகளை இப்போதே புதைப்பதா, மிச்சமும் கிடைக்கட்டும் என்று காத்திருப்பதா என்பதைத் தாய்மார்கள் முடிவு செய்ய வேண்டியிருந்தது. படத்திலும் ஒரு பெரிய கூடத்தின் தரையில் எலும்புகளும் கந்தல் துணிகளும் வரிசையாகக் கிடக்க, பெண்கள் நடுவே நடந்து தேடுகிறார்கள். எங்கள் அறையில் யாரும் அசையவில்லை. மின்விசிறிச் சத்தம் பெரிதாகக் கேட்டது.

ஐடா அந்த ஊருக்கே திரும்பிப்போய் மறுபடி ஆசிரியை ஆகிறாள். அவள் வீட்டில் இப்போது வேறொரு குடும்பம் குடியிருக்கிறது. பள்ளி விழாவில் குழந்தைகள் ஆடுகிறார்கள். கைகளால் கண்களை மூடுகிறார்கள், திறக்கிறார்கள். பார்த்துக்கொண்டிருக்கும் பெற்றோரில் அன்றைய படைவீரர்களும் இருக்கிறார்கள்.

விளக்கைப் போட்டதும் முதல் கேள்வி அதைப் பற்றித்தான் வந்தது. "அவங்க ஏன் மேம் திரும்ப அங்கயே போனாங்க?"

"அவங்க வீடுடீ அது" என்றாள் பின்வரிசையில் ஒருத்தி, எனக்கு முன்பாக.

"வீடா? அந்தாளுங்க மூஞ்சியில தெனமும் எப்படி முழிக்கிறது?"

"அவங்கதானே முழிக்கணும், இவங்க மூஞ்சியில."

மணி அடித்தும் இருவரும் நிறுத்தவில்லை. போர்வைகளை அவிழ்த்து மடித்தபடியே பேசிக்கொண்டு படியிறங்கினார்கள்.