மாம்பழத்துக்கு எத்தனை எழுத்து?

மே மாதம்தான், ஆனாலும் மவுன்டன் வியூவில் காலை எட்டு மணிக்கு நல்ல குளிர். வளைகுடாப் பக்கமிருந்து காற்று நேராக முகத்தில் அடிக்கிறது. ஷோர்லைன் ஆம்ஃபிதியேட்டர் வாசலில் வரிசையில் நின்றவர்களில் பாதிப் பேர் அரைக்கை டீ-ஷர்ட்டில் நடுங்கிக்கொண்டிருந்தார்கள். கலிஃபோர்னியா என்றால் வெயில் என்று நம்பி வந்த வெளியூர்க்காரர்கள், பாவம். 2025 மே 20, கூகுள் ஐ/ஓ மாநாட்டின் முதல் நாள்.

பெரிய வெள்ளைக் கூடாரத்துக்குக் கீழே இருக்கைகள், அதற்குப் பின்னால் சரிவான புல்வெளி. அந்தப் புல்லுக்கு அடியில் இருப்பது குப்பை! ஒரு காலத்தில் சான் ஃபிரான்சிஸ்கோவின் குப்பையை இங்கேதான் கொண்டுவந்து கொட்டினார்கள். அதை மூடி, மேலே பூங்காவும் அரங்கமும் கட்டினார்கள். 1986-ல் அரங்கம் திறந்த புதிதில், கச்சேரி பார்க்க வந்தவர் லைட்டரைத் தட்ட, அடியிலிருந்து கசிந்த மீத்தேன் பற்றிக்கொண்ட கதையை இந்த ஊரில் எல்லோரும் சொல்வார்கள்.

உட்கார்ந்ததுமே அம்மாவிடமிருந்து வாட்ஸ்அப். “சுந்தர் பிச்சையப் பாத்தியா? நம்ம ஊர்ப் பையன்.” பார்த்தேன் அம்மா, எறும்பு சைஸில. மதுரையில் பிறந்து சென்னையில் வளர்ந்தவர் மேடையில் நிற்பதைப் பார்க்க எனக்கும் பெருமைதான். முக்கிய உரை முழுக்க ஏஐ. அதைப் பற்றி நீங்கள் ஏற்கெனவே வேண்டிய மட்டும் கேட்டிருப்பீர்கள்.

நான் போனதற்குக் காரணம் வேறு. இரண்டு வருஷத்துக்கு முன் என் மகளின் வாரயிறுதித் தமிழ்ப் பள்ளிக்காக ஒரு சின்ன விளையாட்டு எழுதினேன். படத்தைப் பார்த்து, கட்டத்துக்கு ஒரு எழுத்தாக நிரப்ப வேண்டும். மாம்பழம் படத்துக்கு ஐந்து கட்டம் வர வேண்டும், இல்லையா? எட்டு வந்தது. ‘ம’ ஒரு கட்டத்தில், அதன் கால் அடுத்த கட்டத்தில் தனியாக, புள்ளிகூடத் தனியாக. ஜாவாஸ்கிரிப்டின் கணக்கு அப்படி. கணினிக்குள் ‘மா’ என்பது இரண்டு குறியீடு, ‘ம்’ என்பதும் இரண்டு. நிரலில் நீளம் கேட்டால் அது எழுத்தை எண்ணாது, குறியீட்டை எண்ணும்.

மகள் திரையைப் பார்த்துவிட்டுச் சொன்னாள். “இது எழுத்தே இல்லம்மா, வெறும் கால்.” கொஞ்ச நேரம் கழித்து, “இங்கிலீஷ் கேம் எல்லாம் சரியா வருதே. தமிழ் கம்ப்யூட்டருக்குச் சரிவராதா?”

அந்தக் கேள்விதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. தமிழ் கஷ்டம், தமிழ் போர் என்று பிள்ளைகள் சொன்னால் நம்மிடம் பதில் இருக்கிறது. தமிழே பழுது என்று ஒரு ஆறு வயசுக் குழந்தை முடிவு செய்தால்? தப்பு என்னுடையது, மொழியுடையது இல்லை என்று அவளிடம் சொன்னேன். நம்பினாளா, தெரியவில்லை.

தீர்வு அப்போதே இருந்தது. இன்டல் செக்மென்டர் என்று ஒரு கருவி, குறியீடுகளைச் சேர்த்து எழுத்தாகப் பிரித்துத் தரும். குரோமில் 2020-லேயே வந்துவிட்டது. ஆனால் பள்ளி நடக்கும் கட்டடத்தில் உள்ள கணினிகளில் ஃபயர்பாக்ஸ்தான், அதில் இது கிடையாது. நாலு சனிக்கிழமை முட்டிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன்.

மதியம் வெப் அமர்வில் ‘பேஸ்லைன்’ பற்றிப் பேசினார்கள். குரோம், எட்ஜ், சஃபாரி, ஃபயர்பாக்ஸ் எல்லாவற்றிலும் ஒரு வசதி வந்துவிட்டதா என்று சொல்லும் முத்திரை அது. எல்லாவற்றிலும் வந்து 30 மாதம் தாண்டினால் தைரியமாகப் பயன்படுத்தலாம் என்று அடுத்த முத்திரை. இனி வி.எஸ். கோட் எடிட்டரில் எழுதும்போதே ஒரு வசதியின் மேல் மவுஸை வைத்தால் அது தெரியும் என்றார்கள். கைதட்டல் பலமாக இல்லை. நான் மட்டும் மடிக்கணினியைத் திறந்து என் பழைய எதிரியைத் தேடினேன். ஃபயர்பாக்ஸ் 125-ல், 2024 ஏப்ரலிலேயே வந்திருந்தது! ஒரு வருஷமாக எனக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது.

பக்கத்து இருக்கையில் ஒரு தாய்லாந்துக்காரர். என் திரையை எட்டிப் பார்த்து, தானும் அதைத்தான் பயன்படுத்துவதாகச் சொன்னார். தாய் மொழியில் சொற்களுக்கு நடுவே இடைவெளி கிடையாது, அங்கே சொல்லைப் பிரிக்கவும் இதே கருவிதான். எனக்கு எழுத்து, அவருக்குச் சொல். வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம், அடுத்த அமர்வு போச்சு.

அன்று ராத்திரியே திருத்தினேன். மூன்று வரி. மகளைக் கூப்பிட்டேன், அவளுக்கு இப்போது எட்டு வயசு. மாம்பழம், ஐந்து கட்டம். “ம்ம்” என்றாள். அவ்வளவுதான். பிறகு தானே உட்கார்ந்து வகுப்பில் எல்லோருடைய பெயரையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க ஆரம்பித்தாள்.

லக்ஷ்மியில் மாட்டிக்கொண்டது. நாலு கட்டம் காட்டுகிறது. இந்தக் கருவிக்கு ‘க்ஷ்’ ஒரு எழுத்து என்று தெரியாது, க், ஷ் என்று இரண்டாகப் பிரித்துவிடுகிறது. மூணுதான் என்று இவள் அடம். ஃபோனில் இருந்த அப்பாவிடம் கேட்டோம்.

“கிரந்தம் எதுக்கு? லட்சுமின்னு எழுதச் சொல்லு.”

“அப்பவும் நாலுதான் தாத்தா!”

“அப்போ கம்ப்யூட்டர் கரெக்ட்டுதானே?”

அவள் ஒத்துக்கொள்ளவில்லை. லக்ஷ்மிக்கு மூணு கட்டம் வர மாதிரி நான் தனியாக ஒரு வரி எழுத வேண்டுமாம். சனிக்கிழமைக்குள்.