பிசுபிசுக்கும் பொக்கிஷங்கள்

பத்திரப்படுத்துவது என்றால் பூட்டி வைப்பது என்றே நம் இல்லங்களிற் பொருள் கொள்ளப்படுகிறது. நல்ல சேலை பெட்டிக்குள். நல்ல பேனா இழுப்பறைக்குள். விலையுயர்ந்த கருவிகளோ அலுமாரியின் மேல்தட்டில், உறைக்குள் உறையாக. ஆனால் கண்டி போன்ற ஊரில், பூட்டு திருடனைத் தடுக்குமேயன்றி ஈரத்தைத் தடுக்காது.

என் அயலவர் ஒருவர் தேயிலைத் தோட்டமொன்றில் நெடுங்காலம் கடமையாற்றி ஓய்வுபெற்றவர். காட்டுப்பன்றிகளை விரட்டுவதற்கென அனுமதிப்பத்திரத்துடன் வைத்திருந்த துப்பாக்கியை முறைப்படி ஒப்படைத்துவிட்டார். அதில் மாட்டும் கைவிளக்கும், ஒரு தூரதிருஷ்டிக் கண்ணாடியும் மட்டும் பெட்டியில் எஞ்சின. உயர்தர வகுப்பில் உயிரியல் படிக்கும் பேர்த்தி, உடவத்தைக்கலைக் காட்டிற் பறவைகளைப் பார்க்க வேண்டுமென்று கேட்டபோதுதான் பெட்டி திறக்கப்பட்டது. தொட்ட விரல் ஒட்டிக்கொண்டது. கறுப்பு மேற்பூச்சு பாகுபோல் இளகி, தூசியையும் பஞ்சையும் வாரிப் பூசிக்கொண்டிருந்தது. துப்பாக்கி எண்ணெய் சிந்திவிட்டது என்றார் பெரியவர். பேர்த்தி சவர்க்காரமிட்டுத் துடைத்தாள்; பிசுக்கு அசையவில்லை. குப்பையிற் போடுமுன் என்னிடம் காட்டினார்கள்.

அது அழுக்குமன்று, எண்ணெயுமன்று. கைக்கு மெத்தென்றிருப்பதற்காகக் கடினப் பிளாஸ்ரிக்கின்மீது தொழிற்சாலையிற் பூசும் பொலியூறதேன் படலமே அது. ஜேர்மனியில் 1937ஆம் ஆண்டில் ஒற்றோ பேயர் குழுவினர் கண்டறிந்த பொருட்குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் மூலக்கூறுகள் நீண்ட சங்கிலிகள். இத்தகைய பூச்சுகள் பலவற்றில், காற்றின் ஈரம் நாளடைவில் அச்சங்கிலிகளை அறுக்கிறது. அவை குறுகக் குறுகப் படலம் பசையாகிறது. இரு பருவக்காற்றுகளிலும் நனையும் நம் மலைநகரில் இது விரைந்து நிகழ்வதில் வியப்பில்லை.

இந்த ஒட்டும் நோய் புதியதுமன்று. இயற்கை இறப்பரும் ஒருகாலத்தில் வெப்பத்தில் இளகிப் பயனற்றுப் போயிற்று. கந்தகம் சேர்த்துச் சூடாக்கும் முறையைச் சாள்ஸ் குட்இயர் 1839இற் கண்டபின்னரே அது உறுதிபெற்றது. அதன்பின் உலகெங்கும் இறப்பரை நாடினார்கள். பிரேசிலிலிருந்து இலண்டன் கியூ தோட்டத்திற்குச் சென்ற விதைகளின் நாற்றுகள் 1876இல் நம் நாட்டுக்கு வந்து, கம்பஹா ஹெனரத்கொடைத் தோட்டத்தில் வேரூன்றின.

பரிகாரம் எளிது. ஐசோபுறொப்பைல் அற்ககோலைப் பருத்தித் துணியில் நனைத்து, முதலில் மறைவான இடத்திற் தேய்த்துப் பாருங்கள். அடிப்பிளாஸ்ரிக் மங்காவிட்டால் சிறிது சிறிதாகத் துடைத்து, துணியை அடிக்கடி மாற்றுங்கள். மின்கலங்களை முன்பே கழற்றிவிட வேண்டும். யன்னல்கள் திறந்திருக்கட்டும், நெருப்பு அருகில் ஆகாது, கையுறை நன்று. வில்லைகளிற் திரவம் படலாகாது. பெற்றோலையும் தின்னரையும் நாடவேண்டாம். அவை பிளாஸ்ரிக்கையே கெடுத்துவிடக்கூடும். பூச்சன்றித் தடித்த இறப்பர்க் கவசமே இளகியிருந்தால், இம்முறை பயன்தராது.

பாட்டனாரும் பேர்த்தியும் இரண்டு பிற்பகல்கள் துடைத்தார்கள். பூச்சோடு அதன்மேல் அச்சிட்டிருந்த எழுத்துகளும் போயின. உள்ளே உடல் கெட்டியாகவே இருந்தது. வில்லைகளிற் பூஞ்சணம் படராதிருந்தது பெரும் பாக்கியம்; அது கண்ணாடியையே அரித்துவிடக் கூடியது.

சுத்தஞ் செய்தவற்றை மறுபடியும் பழைய உறைக்குள் திணிப்பதால் என்ன பயன்? அனுபவமுள்ள வேட்டைக்காரர் துப்பாக்கியைத் தோலுறையில் நெடுநாள் வைக்கமாட்டார். தோல் பிடித்து வைக்கும் ஈரம் இரும்பைத் துருவேற்றும். மற்றக் கருவிகளுக்கும் அதுவே விதி. இறுக மூடும் பெட்டியிற் சிலிக்கா ஜெல் மணிகளை இட்டு, அவை நிறம் மாறியதும் உலர்த்தியோ மாற்றியோ வையுங்கள். மழை குறைந்த தை, மாசி மாதங்களிற் கருவிகளை வெளியே எடுத்து நிழலிற் காற்றாட விடுங்கள். எல்லாவற்றிற்கும் மேலாக, அவற்றைப் பயன்படுத்துங்கள். அடிக்கடி கையிலெடுக்கும் பொருளின் நோயை ஆரம்பத்திலேயே அறிந்துவிடலாம். பெரியவர்கள் ஆசையாய் வாங்கிப் பூட்டி வைத்தவை உங்கள் வீட்டிலும் இருக்கலாம். இந்த ஞாயிற்றுக்கிழமையே அவற்றைத் திறந்து பாருங்கள், பிள்ளைகளையும் அருகில் இருத்திக்கொண்டு.