கதவைத் தட்டும் கை

"வீட்டுக்காரர் உத்தமர், அவர் அனுப்பிய ஆள்தான் முரடன்" என்று மனத்தைத் தேற்றிக் கொள்வது குடித்தனக்காரர் வழக்கம். உபாத்தியாயர் சம்பளத்தில் வாடகை வீடுகளிலேயே காலந் தள்ளிவரும் எனக்கும் அது பழகிப்போன சமாதானந்தான். அமெரிக்காவின் வீட்டுரிமைச் சட்டமோ அதை ஏற்பதில்லை.

கறுப்பின மக்களின் தலைவர் மார்ட்டின் லூதர் கிங் சுடப்பட்டு மாண்ட ஒரே வாரத்தில், 1968 ஏப்ரல் 11-ஆம் தேதி, ஜனாதிபதி ஜான்ஸன் கையெழுத்திட்ட சட்டம் அது. இனம், நிறம், மதம், பூர்விக தேசம் ஆகியவை பற்றிக் குடியிருப்போரிடம் பேதம் பாராட்டலாகாது என்றது. பின்னர் 1974-இல் ஸ்திரீ புருஷ பேதத்தையும், 1988-இல் ஊனமுற்றோரையும் குழந்தைகளுடன் வாழ்வோரையும் ஒதுக்குவதையும் விலக்கியது.

வீட்டைக் கொடுத்துவிடுவதோடு கடமை தீரவில்லை. வெள்ளையர் வீட்டுக் குழாய்க்கு உடனே ஆளனுப்பி, கறுப்பர் என்பதற்காக மற்றொருவர் வீட்டுக் குழாயை மாதக்கணக்கில் ஒழுக விடுவதும் சட்ட விரோதமே. "அது கண்டிராக்டர் செய்த காரியம்" என்று கை கழுவுவதும் எளிதன்று. ஏஜெண்டு தம் வேலையில் காட்டும் பேதத்துக்கு அவரை நியமித்த ஸ்தாபனமும் பொறுப்பாகும் என்று 2003-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் கூறியது. ஆகவே, விவேகமுள்ள சொந்தக்காரர்கள் கண்டிராக்டு எழுதும்போதே இதையும் ஒரு நிபந்தனையாகச் சேர்த்துவிடுகிறார்கள்.

நியாயந்தானே! குடியிருப்பவர் வீட்டுக்காரரின் முகத்தைக் காண்பது அபூர்வம். கதவைத் தட்டி வரும் ஆளின் சொல்லில்தான் தம் மதிப்பை அறிகிறார்.