நடுவழியில் நின்ற வண்டி

எம்மிடம் 1958 ஆம் ஆண்டு மொறிஸ் மைனர் கார் ஒன்றுண்டு. தந்தையார் விட்டுச் சென்றது. பெற்றோல் காணக் கிடையாத 1990 களின் முற்பகுதியில், காபரேற்றரிற் சில துளி பெற்றோல் வார்த்து உயிர்ப்பித்து, பின்னர் மண்ணெண்ணெயிலேயே அதனை அவர் ஓட்டினார். அப்புகையை முகர்ந்தவாறு பின்னிருக்கையில் அமர்ந்திருந்த சிறுவர் யாம். அத்துணை பொறுமையுள்ள வண்டி, சென்ற ஆண்டு எம்மைக் கைவிடத் தொடங்கிற்று.

வேலணையிலிருந்து சீராகப் புறப்படும். அல்லைப்பிட்டி தாண்டி ஒரே வேகத்திற் செல்கையில் திடீரென எஞ்சின் அடங்கும். ஓரமாக ஒதுக்கித் திறப்பைத் திருப்பினால் ஒன்றுமே நிகழாததுபோல் இயங்கும். வெண்பாவில் தளை தட்டினால் எவ்விடமென்று காட்டிவிடுவோம். பயிற்றப்பட்ட ஆசிரியர் தராதரப் பத்திரத்தில் இதற்குப் பாடமில்லை.

கராஜ் ஒன்றிற் காட்டினோம். பழைய மண்ணெண்ணெய்க் கசடு என்றனர். தாங்கியைக் கழுவினர், காபரேற்றரைக் கழற்றிப் பூட்டினர். நின்றவிடத்தில் ஒரு மணி நேரம் ஓடவிட்டனர். ஒரு முறையேனும் நிற்கவில்லை. பணங் கொடுத்து மீண்டோம். மூன்றாம் நாள், கண் சத்திரசிகிச்சைக்காக அன்னையாரை அழைத்துச் செல்கையில், இரு மருங்குங் கடல் சூழ்ந்த பண்ணைப் பாலத்தில் நான்கு முறை நின்றது. நேரந் தவறிற்று. அடுத்த திகதி இரண்டு மாதத்தின் பின்னரே கிடைத்தது. அன்னையார் ஒரு சொல்லுங் கடிந்துரைக்கவில்லை. அதுவே எம்மைச் சுட்டது. கனடாவிலுள்ள தம்பி, “வித்துப்போடுங்கோ அண்ணா” என்றார்.

விற்க மனமின்றி, முதியவர் ஒருவரை வீட்டுக்கு அழைத்தோம். எம் கல்லூரியில் தந்தையாருக்கு இரண்டு வகுப்புக் கீழே பயின்றவர். வந்தவர் எஞ்சின் மூடியைத் திறக்கவில்லை.

“தம்பி, இருமி இருமிச் சாகுதோ, சொல்லாமற் சாகுதோ?”

யாம் விழித்தோம். திண்ணையிலிருந்த அன்னையார், “சொல்லாமற் கொள்ளாமல்தான்” என்றார்.

“அப்ப எண்ணெயில்லை அக்கா, மின்சாரம்.”

எரிபொருள் குறைந்தால் விக்கித் திணறியே அடங்குமாம். திறப்பைத் திருப்பிப் பெற்றோல் பம்பின் ஒலியைச் செவிமடுத்தார். சில முறை ‘டிக்’கென்று ஒலித்து ஓய்ந்தது, கிண்ணம் நிறைந்துள்ளது என்றார். பின்னர் எஞ்சினை மெல்ல ஓடவிட்டு, காபரேற்றரிலிருந்து டிஸ்றிபியூற்றருக்குச் செல்லும் மெல்லிய குழாயைக் கழற்றி, வாயில் வைத்து உறிஞ்சினார். எஞ்சின் பொட்டென நின்றது! விட்டார், திறப்பைத் திருப்ப இயங்கிற்று. உறிஞ்சினார், நின்றது.

வீதியில் ஓடுகையில் அக்குழாய்வழி ஏற்படும் உறிஞ்சலால் டிஸ்றிபியூற்றரின் உட்தட்டுச் சற்றே திரும்பும். சும்மா நின்று ஓடுகையில் திரும்பாது. கராஜில் நோய் ஒளித்திருந்த காரணம் அதுவே. தட்டோடு அசையுஞ் சிறு வயர், உறைக்குள்ளே அறுந்தும் வெளியே முழுமைபோற் கிடந்தது. விரலளவு நீளந்தான். மென்மையான பல இழை வயர் ஒன்றை மாற்றிப் பற்றவைத்து, பொயின்ற் இடைவெளியை அங்குலத்தின் ஆயிரத்தில் 15 பங்காகச் சரிபார்த்து மூடினார்.

இரண்டாந் திகதிக்கு அதே வண்டியிற் சென்றோம், பாலத்தில் நிற்கவில்லை. அன்னையார் இப்போது கண்ணாடியின்றியே எம்மைத் தூரத்தில் இனங்காண்கிறார்.

கூலி கொடுக்கச் சென்றபோது முதியவர் கேட்டார்: “மலரிலை பழைய மாணவற்றை பேரெல்லாம் வருமாம். சோதினை பாசாகாமல் நிண்டவன்ரை பேரும் போடுவினமோ, தம்பி?” மலர்க் குழுவினரிடம் கேட்டுச் சொல்வதாகக் கூறி வந்தோம்.