விடுமுறை முகாமைத் தேர்ந்தெடுத்தல்

ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறை நெருங்கியதும் சிம்பாங் பூலாய் வட்டாரப் பெற்றோரின் கைப்பேசிகளில் முகாம் விளம்பரங்கள் குவிகின்றன. கணினி, நீச்சல், தன்முனைப்பு எனப் பெயர்கள் பல. தோட்டத்தை விட்டு வெளியேறிய எளிய குடும்பங்களுக்கு ஒரு முகாமின் கட்டணம்கூடப் பெருஞ்சுமையாகலாம். எனவே, தேர்வில் நிதானம் தேவை.

முதலில் மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். பிள்ளைகள் அங்குத் தம் கையால் என்ன செய்வார்கள்? எத்தனை பேருக்கு ஒரு பயிற்றுநர்? ஆறு, குகை போன்ற இடங்களில் பாதுகாப்பு ஏற்பாடுகள் யாவை? தெளிவான விடை கிடைக்காவிட்டால் வேறு முகாமை நாடுவதே நன்று.

நல்ல முகாமுக்குத் தொலைதூரம் செல்ல வேண்டும் என்பதில்லை. சிம்பாங் பூலாயின் சுண்ணாம்புக்கல் குன்றுகள் கிந்தா பள்ளத்தாக்கைச் சேர்ந்தவை. இப்பள்ளத்தாக்கு 2018-இல் தேசியப் புவிப்பூங்காவாக அறிவிக்கப்பட்டது. தெற்கே, கோப்பெங் அருகிலுள்ள தெம்புருங் குகையில், நீர் சொட்டிச் சொட்டி உருவான கல்விழுதுகளை வழிகாட்டியுடன் சென்று காணலாம். அறிவியல் நூலில் படித்ததை நேரில் காணும் மாணவர் அதை எளிதில் மறப்பதில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக, “உனக்கு எதில் விருப்பம்?” என்று பிள்ளையிடம் கேட்க வேண்டும். அண்டை வீட்டாரைப் பார்த்துச் சேர்க்கப்படும் பிள்ளை முகாம் முடியும் நாளை எண்ணிக்கொண்டிருக்கும். விரும்பிச் சேர்ந்த பிள்ளையோ அங்குக் கற்றதை வீட்டிலும் தொடரும்.