எல்லாத்துலயும் ஏழாவதா வர்ற கார்டு

90ஸ் கிட்ஸ் எல்லாரும் கொஞ்சம் இப்படி வாங்க. மத்தவங்களும் வரலாம், கீழ பாம்புக்கடி பத்தி உங்களுக்குத் தேவையான விஷயம் இருக்கு. ஆனா அதுக்கு முன்னாடி ஒரு பழைய வழக்கைத் தீர்க்கணும்.

டபிள்யூடபிள்யூஎஃப் டிரம்ப் கார்டு. 2002-ல பேரை டபிள்யூடபிள்யூஇன்னு மாத்திட்டாங்க, ஆனா நமக்கு அது கடைசி வரைக்கும் எஃப்-தான். ஒரு கார்டுக்கு ஒரு வீரன். படத்துக்குக் கீழ ரேங்க், உயரம், எடை, மார்பளவு, பைசெப்ஸ், எத்தனை சண்டை போட்டான், எத்தனை ஜெயிச்சான். கட்டைச் சரிபாதியாப் பிரிச்சுக்கணும். கேக்குற முறை யாருக்கோ, அவன் தன்னோட மேல் கார்டைப் பார்த்து "எடை"ன்னு ஒண்ணைச் சொல்லுவான். யார்கிட்ட அது கூடவோ அவனுக்கு ரெண்டு கார்டும். ஜெயிச்சவன்தான் அடுத்தும் கேப்பான்.

மதிய இடைவேளையில கார்டு மாத்துற வியாபாரம் தனியா ஓடும். யோகோசுனா ஒண்ணு குடுத்தா பதிலுக்கு மூணு கார்டு. ஆண்ட்ரே தி ஜெயண்ட்னா பேச்சே கிடையாது, அஞ்சு கேப்பாய்ங்க. ரேசர் ரமோன்? "அது சும்மா கார்டுடா, வச்சுக்க"ன்னு தூக்கிப் போட்டுட்டுப் போவாய்ங்க.

அந்தச் சும்மா கார்டுக்காக இன்னைக்கு வக்காலத்து வாங்க வந்திருக்கேன்.

ரேசர் ரமோன் 6 அடி 7 அங்குலம், 287 பவுண்டுன்னு டிவியில அறிவிப்பாங்க. கார்டு அடிக்கிற ஆளுக்கு ஆள் நம்பர் கொஞ்சம் மாறும், ஆனா எந்தக் கட்டுலயும் எதுலயும் முதலிடம் கிடையாது. அதே சமயம் எதுலயும் அசிங்கப்படுற நம்பரும் கிடையாது. நிஜ ரிங்லயும் அவர் கதை அப்படித்தான். இன்டர்காண்டினென்டல் பெல்ட்டை நாலு தடவை ஜெயிச்ச முதல் ஆள். பெரிய பெல்ட் மட்டும் அங்க அவர் இடுப்புக்கு வரவே இல்ல.

இப்போ கணக்குக்கு வாங்க. 30 கார்டு கட்டுன்னு வச்சுக்குவோம். ஒரு கார்டு எல்லாத்துலயும் ஏழாவது. அப்போ எந்த ஒரு விஷயத்தைக் கேட்டாலும் அதை அடிக்க ஆறே ஆறு கார்டுதான் இருக்கு. உயரம், எடை, மார்பு, பைசெப்ஸ் நாலுலயும் முன்னாடி நிக்கிறது பெரும்பாலும் அதே பூதங்கள்தான். ரேங்க், சண்டைக் கணக்குல முன்னாடி நிக்கிறது அதே பழைய சாம்பியன்கள்தான். எல்லாம் சேர்த்து ஒரு பன்னிரண்டு கார்டு வரும்னு வைங்க. மிச்சம் 17 கார்டு எதைக் கேட்டாலும் நம்ம ஆளுகிட்ட தோத்துத்தான் போகும்.

யோகோசுனா எடையில ஒண்ணாவது. சண்டைக் கணக்குல இருபதாவதுன்னு வைங்க. எதிராளி "சண்டை"ன்னு கேட்டுட்டா 19 கார்டு அவரைத் தூக்கிச் சாப்பிட்டுடும். எதிராளிக்கு உங்க கார்டு தெரியாது. அவன் தன் கையில எது பெருசோ அதைத்தான் கேப்பான். உங்க எடைக்கு அங்க என்ன மரியாதை?

"கேக்குற முறை நம்ம கையில இருந்தா?"ன்னு நீங்க கேப்பீங்க. நியாயமான கேள்வி. அப்போ யோகோசுனாதான் ராஜா, 29-க்கு 29. ரேசர் 23-தான் அடிப்பார். ஒத்துக்கிறேன். ஆனா தோத்துக்கிட்டிருக்கவன் கையில கேள்வி இருக்காது மக்களே. ஜெயிக்கிறவன்தான் கேட்டுக்கிட்டே இருப்பான். அவன்கிட்ட இருந்து கேள்வியைப் புடுங்கணும்னா, அவன் எதைக் கேட்டாலும் தாங்குற கார்டு ஒண்ணு கையில வேணும்.

இடையில ஒண்ணு, டாக்டரா இல்லாம இதை எழுத முடியல. ஆண்ட்ரேவோட அந்த உயரம் ஒரு வியாதி. பிட்யூட்டரி சுரப்பியில வர்ற கட்டியால வளர்ச்சி ஹார்மோன் நிக்காமச் சுரக்கிறது, அக்ரோமெகலின்னு பேரு. 1993-ல 46 வயசுல இறந்துட்டார். பிக் ஷோவுக்கும் அதே பிரச்சினைதான், அவருக்கு ஆபரேஷன் பண்ணிச் சரி பண்ணினாங்க. யோகோசுனா 2000-ல, 34 வயசுல. நாம அஞ்சு கார்டு குடுத்து வாங்கின நம்பர் எல்லாம் அவங்க உடம்பைத் தின்ன நம்பர்.

சரி, ஆஸ்பத்திரிக்கு வர்றேன்.

கேஷுவல்டியில நைட் டியூட்டின்னா கேக்குற முறை எப்பவுமே எதிராளி கையில. அடுத்து உள்ள வர்றது நெஞ்சுவலியா, வலிப்பு வந்த குழந்தையா, பூச்சிமருந்தான்னு நமக்குத் தெரியாது. எங்க திருவாதவூர், மேலூர்ப் பக்கம் வயக்காடு அதிகம். நடவு, அறுப்பு சமயத்துல அது பாம்பாத்தான் இருக்கும். "எந்தப் பாம்புய்யா?"ன்னு கேட்டா, "இருட்டுல என்னத்தங்க தெரியும், நீளமா இருந்துச்சு" அப்படின்னு பதில் வரும்.

இங்கதான் நம்ம ஏழாம் நம்பர் கார்டு. விஷமுறிவு மருந்து, ஏஎஸ்வி.

இந்தியாவுல கிடைக்கிற ஏஎஸ்வி ஒரே மருந்துல நாலு பாம்புக்கு வேலை செய்யும்: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். இந்த நாலோட விஷத்தையும் கொஞ்சம் கொஞ்சமாக் குதிரைக்கு ஏத்தி, அதோட ரத்தத்துல உருவாகுற எதிர்ப்புப் பொருளைப் பிரிச்சு எடுத்துத் தயாரிக்கிறது. (எங்க ஊர்ல பிறந்தவர் ஒருத்தர் பாண்டிய ராஜாவுக்குக் குதிரை வாங்கப் போன கதை உங்களுக்கே தெரியும். குதிரையால இப்படியும் ஒரு உபயோகம் இருக்குன்னு மாணிக்கவாசகருக்குத் தெரிஞ்சிருக்க வாய்ப்பில்ல.) விஷம் நம்ம தமிழ்நாட்டுல இருந்தே போகுது. சென்னைக்குத் தெக்க வடநெம்மேலியில இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவு சங்கம் இருக்கு, 1978-ல ஆரம்பிச்சது. பாம்பைப் பிடிச்சு, விஷத்தை எடுத்துட்டு, திரும்பக் காட்டுலயே விட்டுடுவாங்க.

"நாலுக்கும் சேர்த்து ஒரு மருந்தா? ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியாக் குடுத்தா நல்லா இருக்குமே"ன்னு படிச்சவங்களே கேக்குறாங்க. கடிச்ச பாம்பு இன்னதுன்னு உறுதியாத் தெரிஞ்சா, அந்த ஒண்ணுக்கான மருந்து குறைஞ்ச அளவுலயே வேலையை முடிக்கலாம். நாலுக்கும் பொதுவான மருந்துல தேவையில்லாத மூணு பாம்போட எதிர்ப்புப் பொருளும் உள்ள போகுது. அலர்ஜி வரலாம், அதுக்கான ஊசியைப் பக்கத்துல வச்சுக்கிட்டுத்தான் ஏத்துவோம். மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கம் இருக்கிற மூக்கு தூக்கின குழிவிரியனுக்கு இது வேலையும் செய்யாது. குறை இல்லன்னு நான் சொல்லவே இல்ல.

ஆனா ராத்திரி ரெண்டு மணிக்கு, தரையில படுத்திருந்தவரைக் கட்டுவிரியன் கடிச்சா வலி கூடப் பெருசா இருக்காது, பல் தடமும் சரியாத் தெரியாது. வயித்தை வலிக்குதுன்னு வருவார், கொஞ்ச நேரத்துல கண் இமை தானா மூடும். விரியன்னா வேற மாதிரி. ரத்தத்தைக் கண்ணாடிக் குழாய்ல எடுத்து 20 நிமிஷம் ஆடாம அசையாம வச்சுட்டுச் சாய்ச்சுப் பார்ப்போம். உறையலைன்னா விஷம் ஏறியிருக்கு. ரெண்டுல எதுவா இருந்தாலும் கை போறது அதே குப்பிக்குத்தான். தொடக்கத்துல 8-ல இருந்து 10 குப்பி, குழந்தைக்கும் அதே அளவு. பாம்பு கக்குற விஷம் ஆளைப் பார்த்துக் குறையாது, இல்லையா?

அப்புறம் மூச்சுத் திணறினா வென்டிலேட்டர், சிறுநீரகம் பாதிச்சா டயாலிசிஸ். அதுக்கு மதுரை பெரியாஸ்பத்திரி. அங்க இருக்கிற ஸ்பெஷலிஸ்ட்தான் யோகோசுனா, அவர் இடத்துல அவர் ராஜா. ஆனா ஆள் அங்க உயிரோட போய்ச் சேரணும். இங்க இருந்து 20 கிலோமீட்டர் சொச்சம்.

"மேல என்ன டாக்டர் படிச்சிருக்கீங்க? வெறும் எம்பிபிஎஸ்தானா?"ன்னு என்கிட்ட கேக்குறவங்க உண்டு. ஆமாங்க, வெறும் எம்பிபிஎஸ்தான். நாலரை வருஷம் எல்லாப் பாடமும், ஒரு வருஷம் எல்லா வார்டும். இதயத்துல நான் ஒண்ணாவது கிடையாது, எலும்புல ஒண்ணாவது கிடையாது. எனக்கு இதுல வருத்தமெல்லாம் இல்ல. வருத்தம் வேற: பக்கத்து அரசு ஆஸ்பத்திரியைத் தாண்டி, "சின்ன டாக்டர்தானே இருப்பாரு"ன்னு நேரா டவுனுக்கு வண்டியை விடுறாங்க பாருங்க, அந்த ஒரு மணி நேரம். ஆரம்ப சுகாதார நிலையத்துலயே ஏஎஸ்வி வச்சிருக்கோம். 2024 நவம்பர்ல இருந்து தமிழ்நாட்டுல பாம்புக்கடி அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய்ப் பட்டியல்லயே இருக்கு.

அதனால கடி பட்டா: பாம்பைத் தேடி அடிச்சுப் பையில போட்டுக் கொண்டு வராதீங்க, எங்களுக்கு அது தேவையே இல்ல, நாலுக்கும் ஒரே மருந்துதான். இறுக்கிக் கட்டாதீங்க, கீறாதீங்க, வாய் வச்சு உறிஞ்சாதீங்க. மோதிரம், வளையல், கொலுசைக் கழட்டிடுங்க. ஆளை நடக்க விடாதீங்க, கடிச்ச கையையோ காலையோ அசைக்காம வச்சுக்கங்க. 108-க்கு போன் போடுங்க. மருந்து இருக்கிற பக்கத்து ஆஸ்பத்திரி எதுவோ, வண்டி முதல்ல அங்கதான் நிக்கணும்.